கைப்பையில் வந்த நாலு தீப்பெட்டி

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகுதான் எனக்கு வேலை கூடிப் போனது. கோவில்பட்டியில் யார் வீட்டிலாவது ஒருவர் விமானம் ஏறப் போகிறார் என்றால், டிக்கெட் எடுத்த கையோடு எனக்குப் போன் வந்துவிடும். கடலை மிட்டாய் கைப்பையில் கொண்டு போகலாமா? போகலாம். கடம்பூர் போளி? தாராளமாக. எலுமிச்சை ஊறுகாய்? எண்ணெய் மிதக்கிறதே, கையில் வேண்டாம், பெரிய பெட்டியில் இறுகக் கட்டிப் போடு. கொப்பரை? அதைக் கைப்பையிலும் பெரிய பெட்டியிலும் நினைக்கவே நினைக்காதே. ஏன், அது தேங்காய்தானே என்பார்கள். தேங்காய்தான், ஆனால் பற்றினால் நின்று எரியும். பவர் பேங்க்? அது ஊறுகாய்க்குத் தலைகீழ். பெரிய பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் வைத்திருக்க வேண்டும். அம்மிக் குழவி கொண்டு போகலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். பொண்ணு கேட்கிறதாம். குழவியைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்குள் நடந்து வருகிற ஆளை யார் உள்ளே விடுவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் வந்த போன் வேறு மாதிரி. ஜெயந்தி பேசினாள். தெற்கே நான் கடைசியாக வேலை பார்த்த விமான நிலையத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேனர் பார்க்கப் பழகிய பெண். புது மெஷின் வந்திருக்கிறதாம். லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம், பையைத் திறக்காமலே உள்ளே இருப்பதை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கலாமாம். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று கேட்டாள்: "சார், உங்க சர்வீஸ்ல எதையாவது தப்ப விட்டிருக்கீங்களா?"

இந்தக் கேள்வியை இதற்கு முன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு குண்டூசியைக்கூட விட்டதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு மானாவாரி நிலம், அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். மற்ற ஊர்க்காரர்கள் ஃபேக்டரி என்பார்கள், எங்களுக்கு அது ஆபீஸ். அம்மா பெட்டி அடைக்கிற வேலை பார்த்தாள். குச்சியை ஒரு பிடி அள்ளி அடிப்பெட்டியில் வைத்து மேல்பெட்டிக்குள் தள்ளுவாள். அவள் எண்ணி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிக்கு நானும் பசை தடவியிருக்கிறேன். பிறகு உயரம் இருந்ததால் மத்தியப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தேன். வடக்கே அணைக்கட்டு, சுரங்கம், உருக்காலை என்று காவல் நின்று, நாற்பது வயதுக்கு மேல் விமான நிலையத்துக்கு வந்தேன்.

அங்கே படித்தது இவ்வளவுதான்: திரையில் இரும்பு நீலம், சாப்பாடு, துணி, மரம், காகிதம் எல்லாம் ஆரஞ்சு, இரண்டுங்கெட்டான் பச்சை. வெடிமருந்தும் ஆரஞ்சுதான். கனத்த ஆரஞ்சுக் கட்டியைக் கண்டால் கை நிற்க வேண்டும். கருப்பட்டி, அல்வா, கடலை மிட்டாய்க் கட்டி எல்லாம் அந்த வகையில் சேரும். மற்றவர்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார்கள். நான் திரையில் பார்த்த மாத்திரத்தில் அது உருண்டையா, கட்டியா, கோவில்பட்டிச் சரக்கா, வேறு ஊர்ச் சரக்கா என்று சொல்லுவேன். சொல்லிவிட்டுத் திறந்தும் காட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன்.

எங்களைச் சோதிக்க மேலிடத்திலிருந்து ஆள் வருவார்கள். சாதாரணப் பயணி மாதிரி உடுத்தி, பையில் டம்மி வெடியை ஒளித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். விட்டுவிட்டால் அன்றைக்கே திரையை விட்டு எழுந்திருக்க வேண்டும், மறுபடி பயிற்சி, மறுபடி பரீட்சை. என்னிடம் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் பிடித்தேன்.

எங்கள் ஷிப்டுக்கு அதிகாரி கோகிலா மேடம். சேலத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரைத் திரை முன்னால் உட்கார விட மாட்டார். கண் ஏமாற்றத் தொடங்கும் நேரம் அது என்பார். பையைத் திறக்கும் முன்னால் "திறக்கலாமா?" என்று பயணியிடம் கேட்க வேண்டும். மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்கள், இருந்தாலும் கேட்க வேண்டும். எடுத்த துணியை எப்படி மடித்திருந்ததோ அப்படியே மடித்து வைக்க வேண்டும். சட்டைக் கையை உள்ளே மடித்தா வெளியே மடித்தா என்றுகூடப் பார்ப்பார். ஒருநாள் ஒரு முதியவரின் வேட்டியை நான் சுருட்டித் திணித்ததைப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் அவரே வந்து நாலாக மடித்து வைத்தார். அதற்குப் பிறகு நான் ஜென்மத்துக்கும் வேட்டியைச் சுருட்டியதில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. பயணிகளிடமிருந்து எடுத்து வைத்த பொருட்கள் ஒரு பெரிய கூடையில் சேரும். வாரத்துக்கு ஒருமுறை அதை அழிக்க அனுப்பும் முன், ஒரு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து எங்களைக் கூப்பிடுவார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இதை ஏன் கைப்பையில் வைத்திருப்பார்கள், சொல்லுங்கள் என்பார். பாக்குவெட்டி, அரிவாள்மணை, மிளகாய்ப் பொடி, ஒரு பாட்டில் வாய்க்கால் தண்ணீர் என்று என்னவெல்லாமோ இருக்கும். எங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுவோம். அடிபடக் கூடாது என்று வைத்திருப்பார்கள், மறந்திருப்பார்கள், பெரிய பெட்டியில் எடை கூடியிருக்கும். அவர் எதையும் சரி தப்பு என்று சொல்ல மாட்டார். தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். முதலில் எனக்கு இது வேலை இல்லாத வேலையாகத்தான் தெரிந்தது. நாளாக நாளாக, கைப்பையைத் திரையில் பார்க்கும்போதே அதைக் கட்டியது யார், எதற்கு என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் முன்னால் இருப்பவர் மடியில் பை இருந்தால் என் கண் அங்கேதான் போகிறது.

இனி சுப்புராஜ் கதை.

துபாய் விமானம் கிளம்பும் நேரம். நான் திரை முன்னால். ஒரு கைப்பை உள்ளே வந்தது. சட்டை, வேட்டி, சார்ஜர், கண்ணாடிக் கூடு, அடியில் செங்கல் போல ஒரு பொட்டலம். பெல்ட்டை நிறுத்தினேன். வரிசை வரிசையாகச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கோடுகள், கோடுகளின் முனையில் புள்ளிகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு டஜன் தீப்பெட்டி. விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற காலத்தில், சிகரெட் குடிக்கிறவன் ஒரு பெட்டியைச் சட்டைப் பையில் மறந்து வருவான். ஒரு டஜனை உறை பிரிக்காமல் யார் கொண்டு வருவார்கள்?

எங்கள் ஊர்க்காரன்தான் கொண்டு வருவான். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. கழுகுமலை ரோட்டில் சிறியதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். நான் பொட்டலத்தை எடுத்துக் காட்டியதும் அவர் முகத்தில் பயமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "இது நாங்க பண்ணுத சரக்கு சார். சாம்பிள். இதுல என்ன இருக்குது?" என்றார்.

தீக்குச்சி இருக்கிறது என்றேன். ஆமா, அதுதான் சாம்பிள் என்றார். மனுஷர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி என்றால் காகிதம், பசை, குச்சி, கூலி. அதை நெருப்பு என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டுக்குள் பண்டல் பண்டலாக அடுக்கி அதன் மேல் தலை வைத்துத் தூங்கிய ஜனம் நாங்கள். என் பேச்சைக் கேட்டதும் அவருக்கு ஊர் தெரிந்துவிட்டது. சார் போய் அண்ணாச்சி வந்தது.

விஷயம் இதுதான். பிளாஸ்டிக் லைட்டர் வந்து வியாபாரத்தை அடித்துப் போட்டிருந்தது. இவர் ஆபீஸில் நாற்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்குப் பிறகு மூடிவிடுவது என்று முடிவே பண்ணியிருந்தார். அப்போதுதான் துபாயில் ஒரு வியாபாரி, ஆப்பிரிக்கப் பக்கம் சரக்கு அனுப்புகிறவர், நேரில் வந்து சரக்கைக் காட்டு என்று கூப்பிட்டிருக்கிறார். மறுநாள் சாயங்காலத்துக்கு மேல் அந்த வியாபாரி துபாயில் இருக்க மாட்டார். பெரிய பெட்டியில் போட்டால் தொலைந்து போய்விடுமோ என்று பயந்து இவர் கைப்பையில் வைத்திருக்கிறார்.

"வெறுங்கையோட போனா அவிய என்னய உள்ளயே விடமாட்டாவ அண்ணாச்சி" என்றார்.

என் கையில் ஒன்றும் இல்லை. கூடையில் போட வேண்டியதுதான். ஆனால் கோகிலா மேடம் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். விதி விதிதான், தீக்குச்சி போகாது என்று முதலில் சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சண்முகையா, தீப்பெட்டி வாங்குறவர் பெட்டியில எதைப் பார்ப்பார்?"

குச்சி நேராக இருக்கிறதா, சிலாம்பு இல்லாமல் வழுவழுப்பாக இருக்கிறதா, அடிப்பெட்டி இழுத்தால் சிக்காமல் வருகிறதா, லேபிள் அச்சு தெளிவா, மூலை ஒட்டியது பிரிகிறதா என்று அடுக்கினேன். கடைசியில் உரசியும் பார்ப்பார் என்றேன். அதைத் தவிர மற்றதெல்லாம் மருந்து இல்லாமலும் பார்க்கலாம் அல்லவா என்றார் மேடம். குச்சியில் மருந்துத் தலையைக் கிள்ளிவிட்டால் மீதி வெறும் மரம். மரத்துக்குத் தடை இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற உரசுப் பட்டியும் மருந்துதானே என்று அதையும் அவரே கேட்டார். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும் என்றேன். மேலே ஒரு போன் பேசினார், விமானக் கம்பெனி ஆளிடம் பேசினார். இருவரும் சம்மதித்தார்கள். லேபிளுக்கு ஒன்றாக நாலு பெட்டி மட்டும். மீதி எட்டும் கூடைக்கு.

பக்கத்து மேசையில் நானும் சுப்புராஜும் உட்கார்ந்தோம். என் இடத்தில் ஜெயந்தி திரைக்குப் போனாள். ஒரு கப் தண்ணீர், ஒரு துணி. பெட்டியில் ஐம்பது குச்சி என்று அச்சிட்டிருந்தது. அடிப்பெட்டியைப் பாதி இழுத்து, நாலைந்து குச்சியாக வெளியே எடுத்து, தலையை நகத்தால் கிள்ளித் தண்ணீரில் போட்டு, மொட்டைக் குச்சியை மறுபடி உள்ளே அடுக்க வேண்டும். ஐம்பது தலை தண்ணீரில் விழுந்தால் பெட்டி முடிந்தது. அவருக்குப் பெட்டி இரண்டு, எனக்கு இரண்டு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அத்தனை வருடம் கழித்தும் என் விரல் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. சுப்புராஜ் தன் பெட்டியை விட்டுவிட்டு என் கையையே பார்த்தார். "அண்ணாச்சி எந்த ஆபீஸ்ல இருந்தீய?" என்று கேட்டார். எங்க அம்மா இருந்தா என்றேன்.

கடைசி அழைப்பு வந்துவிட்டது. மேடம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் இரண்டாவது பெட்டியில் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது என்று எண்ணி முடித்துப் பெட்டியைத் தள்ளி மூடினேன். பட்டியைத் துடைத்தேன். நாலையும் தனித் தட்டில் வைத்து மறுபடி ஸ்கேனருக்குள் விட்டு, திரையில் நானே வந்து பார்த்தேன். மெல்லிய கோடுகள், முனையில் புள்ளிகள் இல்லை. ஒரு பெட்டியின் மூலையில் மட்டும் ஒரு சின்னப் பொட்டு தெரிந்தது. பசைக் கட்டி. பசை தடவி வளர்ந்தவனுக்குப் பசைக் கட்டி தெரியாதா? அனுப்பு என்று கையைக் காட்டினேன்.

சுப்புராஜ் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடினார். அவர் தண்ணீர்க் கப்பைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அதில் சிவப்பாக இருநூறு தலை கரைந்துகொண்டிருந்தது.

எங்கள் வேலையில் ஒரு குறை, வாசலைத் தாண்டிப் போனவர் என்ன ஆனார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. மற்றவர்களை மறந்துவிட்டேன், இந்த ஆளை மறக்க முடியவில்லை. உரசிக் காட்டாமல் எப்படி விற்றிருப்பார்? ஆபீஸ் இருக்கிறதா, மூடியாயிற்றா? வருடக்கணக்காக மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்றும் மூன்று வருடம் போகத் துணிவில்லை, மூடியிருந்தால் என்ன பேசுவது என்று. ஜெயந்தி போன் பண்ணியதற்கு முந்தின வாரம்தான் கழுகுமலை பஸ்ஸில் ஏறி, வழியில் விசாரித்து இறங்கினேன்.

ஆபீஸ் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் லாரி நின்றது. சுப்புராஜ் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி வந்தார். குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். பிறகு அவராகவே கதையைத் தொடங்கினார். துபாய் வியாபாரி மொட்டைக் குச்சியைப் பார்த்துவிட்டுப் பல் குத்தவா கொண்டு வந்தாய் என்று கேட்டாராம். இவர் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். வியாபாரி நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஒவ்வொரு பெட்டியாக மேசையில் கொட்டிப் பார்த்திருக்கிறார். நாலாவது பெட்டி, லேபிளைக் கேட்டபோது தெரிந்தது, நான் கடைசியாக மூடியது. அதில் மொட்டைக் குச்சிகளுக்கு நடுவில், சிவப்புத் தலையோடு ஒரு குச்சி. வியாபாரி அதை எடுத்து, தன் மேசையில் கிடந்த வேறு கம்பெனிப் பெட்டியில் உரசினாராம். தலை தெறிக்காமல், புகையாமல், விரலைச் சுடும் வரைக்கும் நின்று எரிந்ததாம். அதற்கப்புறம் வியாபாரி பேசியதெல்லாம் எத்தனை கண்டெய்னர் என்பதுதான்.

"நீங்க எனக்காவ வச்ச குச்சி அண்ணாச்சி. இந்த ஆபீஸ் அதுலதான் ஓடுது" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் வைக்கவில்லை, தப்பவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார். நீங்க அப்படித்தான் சொல்லுவீய என்றார். எத்தனை தடவை சொன்னாலும் அந்த மனுஷர் நம்பவில்லை. மூன்று டம்மியைப் பிடித்தவன், பக்கத்து மேசையில் கையில் வைத்திருந்த ஒரு குச்சியை விட்டிருக்கிறேன். அது சுப்புராஜ் கையில் போனதால் ஆர்டர் ஆயிற்று. வேறு எவன் கையிலாவது போயிருந்தால்? நாற்பது பேருக்கு வேலை இருக்கிறது என்று சந்தோஷப்படவா, வெட்கப்படவா என்று தெரியாமல் கலர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் நிஜமாகவே இருந்தன.

ஆனால் எப்படி? ஐம்பது தலையை எண்ணித்தானே போட்டேன். தலை போகிற கேள்வி எனக்கு அதுதான். பெட்டி அடைக்கிற இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கொட்டகையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து அள்ளி அள்ளி அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்த ஒரு அம்மாளிடம் அப்போதுதான் அடைத்த பெட்டியைக் கேட்டு வாங்கி, அங்கேயே துண்டை விரித்துக் கொட்டி எண்ணினேன். ஐம்பத்தொன்று. இன்னொரு பெட்டி வாங்கினேன். ஐம்பது. மூன்றாவது ஐம்பத்திரண்டு.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு. "குறஞ்சா பெட்டி திரும்பி வந்துரும்லா. கை நிறைய அள்ளி, ஒண்ணு கூடத்தான் வைப்போம்" என்றாள்.

எங்க அம்மா இதையேதான் சொல்லுவாள். இதே வார்த்தை. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சீருடை போட்டு மேசையில் உட்கார்ந்தபோது பெட்டி மேல் அச்சிட்டிருந்த எண்ணை நம்பினேன், அவளை மறந்துபோனேன். திரையில் அந்தப் பொட்டு தெரிந்தபோது மட்டும் தீப்பெட்டி வீட்டுப் பிள்ளை என்ற திமிர் வந்து பசைக் கட்டி என்று சொல்ல வைத்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நேற்று ஜெயந்தியைக் கூப்பிட்டேன். நீ கேட்டதற்குப் பதில், ஒன்று விட்டிருக்கிறேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு என் இடத்தில் திரைக்குப் போனவள் அவள்தான், அவளுக்கும் நினைவிருந்தது. ஐம்பத்தொன்று கணக்கையும் சொன்னேன். அம்மாவையும் சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளும் கோகிலா மேடத்திடம் பழகியவள் அல்லவா.

முடித்ததும் மெதுவாகத்தான் கேட்டாள்: "அந்த துபாய்க்காரர் கொட்டிப் பார்த்திருக்கார். நீங்க கொட்டிப் பார்க்கலையா சார்?"

இல்லம்மா என்றேன்.